கல்லும் பாறையும் இராயப்பரும்: தமிழில் மத்தேயு 16:18

மத்தேயு 16:18 பேதுருவின் அதிகாரம் குறித்த வாதங்களின் மையமாக உள்ளது. கத்தோலிக்கர் இதனைத் திருத்தந்தைப் பதவிக்கு ஆதாரமாகக் கொள்வர். சீர்திருத்தச் சபையினர் பலர் பேதுருவின் விசுவாச அறிக்கையே அடித்தளம் என்பர். தமிழிலோ இவ்வாதத்தில் பாதி மொழிபெயர்ப்பாளரின் சொற்றேர்விலேயே முடிந்துவிடுகிறது.

கிரேக்கத்தில் 'பெத்ரோஸ்' என்னும் பெயரும் 'பெத்ரா' என்னும் சொல்லும் ஒலியால் பிணைந்துள்ளன. அரமேயத்தில் இரண்டுமே 'கேபா'. 1871ஆம் ஆண்டுப் பவர் மொழிபெயர்ப்பின் வழிவந்து சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பதிப்பு, 'பேதுரு' என்று ஒலிபெயர்த்தபின் பெத்ராவைக் 'கல்' என்கிறது. ஆனால் 7:24இல் வீடு கட்டியவனின் உவமையில் அதே பெத்ரா 'கன்மலை' ஆகிறது. வீட்டுக்குக் கன்மலை, சபைக்குக் கல்! யோவான் 1:42இலும் கேபாவின் பொருள் 'பேதுரு' என்றே தரப்படுவதால், விளங்காத பெயரை விளங்காத பெயரே விளக்குகிறது. இதனை உள்நோக்கம் எனத் துணியச் சான்று போதாது, விளைவு சிறிதன்று. மாமல்லபுரத்து ஐந்து இரதங்கள் பாறையிலேயே செதுக்கப்பட்டவை. கடற்கரைக் கோயில் வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டப்பட்டது. கல் கட்டடத்தின் உறுப்பு. பாறை அதனைத் தாங்கும் நிலம். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு மூன்று இடங்களிலும் 'பாறை' என்றே ஆள்வது இவ்வகையில் பொருத்தமானது. எனினும் பேதுருவுக்கும் பாறைக்கும் இடையிலான சொல்விளையாட்டு அதிலும் மீளவில்லை.

பழைய கத்தோலிக்க வழக்கான 'இராயப்பர்' இங்குக் கவனத்திற்குரியது. பவுலைக் குறிக்கும் 'சின்னப்பர்', 'சிறியவர்' எனப் பொருள்படும் இலத்தீன் 'பவுலுஸ்' என்பதன் பெயர்ப்பு. எனவே அதன் இணையான இராயப்பரும் பெயர்ப்பாகவே இருத்தல் வேண்டும். தெலுங்கில் 'ராயி' என்பது கல்லாதலின் 'கல்லப்பர்' என்பதே அதன் பொருளாதல் தகும். தமிழ்ச் செவிக்கோ அது 'இராயர்' என்னும் அரச ஒலியாகிறது. கல் மறைந்து கோலோச்சுபவர் தோன்றுகிறார்.

மூலம் இவ்வளவு தருவதில்லை. 16:19இன் திறவுகோல், எசாயா 22:22இல் அரண்மனைப் பொறுப்பாளனான எலியாக்கீமுக்கு அளிக்கப்பட்டதை நினைவூட்டுகிறது, அவன் அரசனல்லன். கட்டவும் அவிழ்க்கவும் உள்ள அதிகாரம் 18:18இல் சீடர் அனைவருக்கும் விரிகிறது. 16:23இலோ அதே பேதுரு இடறலாகிறார். அடித்தளமும் இடறலும் ஒருவரே என்னும் இம்முரணைப் 'பாறை' தாங்கும், 'இராயர்' தாங்காது. ஆயினும் பெயருக்குள்ளேயே கல்லைக் காத்து வைத்த தமிழ் வழக்கு இராயப்பர் ஒன்றே; அக்கல் தெலுங்கறிந்தவர் செவிக்கு மட்டுமே புலப்படும்.