தோலில் நிற்கும் சுருதி

லண்டன் பிளேஸ்டோவில் வளரும் நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் டிம்பனியையும் ஸ்நேர் டிரம்மையும் பார்த்துவிட்டுத்தான் மிருதங்க வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். எனவே மிருதங்கப் பாணிகளுக்குப் போகுமுன் கருவிகளைச் சற்றுப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

டிம்பனி ஒரு செம்புக் கொப்பரை. மிதியை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும்; வாசிப்பின் நடுவிலேயே ஸ்வரம் மாற்றலாம். ஸ்நேருக்கும் பாஸ் டிரம்முக்கும் நிலையான சுருதி கிடையாது. மிருதங்கம் ஒரே சுருதியில் நிற்பது; பாடுபவரின் ஆதார ஷட்ஜத்தோடு அதன் வலந்தலை சேர வேண்டும். வெறும் வட்டத்தோலைத் தட்டினால் எழும் நாதங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. நடுவே கரணை என்னும் கறுப்புச் சாந்தை இட்டதும் அவை இசைந்து ஒலிப்பதை சி. வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எடுத்துக்காட்டினார். கச்சேரிக்கு முன் இடந்தலையான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதும் நாதத்துக்காகத்தான். அந்தக் கனம்தான் அதற்கு ஆழம் தருகிறது.

தஞ்சாவூர்ப் பாணி நாராயணசாமி அப்பாவின் பெயரோடு தொடங்கி, வைத்தியநாத ஐயர் வழியாகப் பாலக்காடு மணி ஐயரிடம் வந்தது. பாட்டின் சொல்லையும் நெளிவையும் கூடவே பின்தொடரும் வாசிப்பு அது. மிருதங்க வித்துவான் ஒருவருக்கு முதன்முதலில் சங்கீத கலாநிதி கிடைத்தது 1966இல் மணி ஐயருக்குத்தான். புதுக்கோட்டைப் பாணிக்கு மூலவர் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளை. அவருக்குப் பின் தட்சிணாமூர்த்திப் பிள்ளை, பழனி சுப்பிரமணிய பிள்ளை. கணக்கு வழக்கில் உறுதியான வழி இது. தவிலின் வாசனையும் உண்டு. ஆனால் இடக்கை வாசிப்பாளரான பழனியின் பெருமையைக் கணக்கில் மட்டும் தேடினால் பாதி போய்விடும். தொப்பியில் அவர் எழுப்பிய கும்கி என்னும் நெளியும் ஆழ்நாதத்தைப் பழைய ஒலிப்பதிவுகளில் கேளுங்கள்.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பெருமை தவில். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி. கோயில் வீதியை நிறைக்கும் முழக்கம். எங்கள் தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டு வித்துவான்களையும் வியக்கவைத்தவர். திறந்த வெளிக்கென்று பிறந்த கருவியைச் சிறிய மண்டபத்தில் ஒலிவாங்கிக்கு முன் வைப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

இங்கே அரங்கேற்றங்களில் தனி ஆவர்த்தனத்தின் நீளத்துக்கும் வேகத்துக்கும்தான் கைதட்டல் விழுகிறது. நான் பார்ப்பது வேறு: சௌக்க காலக் கிருதியில் சாப்பு சுருதி விலகாமல் விழுகிறதா? பாடுபவர் மூச்செடுக்கும் இடத்தில் பிள்ளையின் கை பொறுத்திருக்கிறதா? குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட மண்டபத்தில் தோல் காய்ந்து சுருதி ஏறும். அதைக் காதால் கண்டுபிடித்துத் தானே சரிசெய்யத் தெரிந்த மாணவர் தேறிவிட்டார் என்பேன்.

வார் பிடிக்கவும் தோல்முகமான மூட்டை மாற்றவும் இங்கே ஆள் கிடைப்பது அரிது; அதனால் போல்ட் வைத்த மிருதங்கம் பரவிவிட்டது. ஆனால் கருவி செய்பவரை மறக்கலாகாது: மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் அவருக்குக் கருவி செய்துகொடுத்த பர்லாந்துவின் கையும் இருந்தது. அரங்கேற்ற மலர்களில் குருவின் பெயருக்குக் கீழே மூட்டு அடித்தவரின் பெயரையும் இனி அச்சிட வேண்டும்.