வண்டி கட்டிப் போன சினிமா

திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நீங்கள் எப்போதாவது படம் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். டைட்டில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வலமிருந்து இடமாக ஓடும். எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார். மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரிக்கு வந்து தியேட்டரில் அதே படங்களை மறுபடி பார்த்தபோது, எல்லாம் தப்பாக இருப்பதாகவே பட்டது எனக்கு.

இடம், வாசுதேவநல்லூர் பக்கம். தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் நடுவில் வரும். மேற்கே கைக்கெட்டும் தூரத்தில் மலை. ஊருக்குள் அர்த்தநாரீஸ்வரர் கோவில். கொஞ்சம் தள்ளி பூலித்தேவனின் நெல்கட்டும்செவல். அப்போது நாங்கள் திருநெல்வேலி மாவட்டம், 2019லிருந்து தென்காசி மாவட்டம். ஆடி மாதம் அம்மன் கோவில் கொடை வந்தால் மூன்று நாள் வில்லுப்பாட்டு, கரகாட்டம், கடைசி நாள் ராத்திரி திரை கட்டிப் படம். நெற்களத்தில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் வெள்ளைத் துணி. பதினாறு எம்.எம். புரொஜக்டர் ஒன்றுதான் உண்டு. ஒரு ரீல் முடிந்தால் லைட் போடுவார்கள், பீடி பற்றவைப்பார்கள், பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆடிக்காற்று இருக்கிறதே, அது சென்சார் அதிகாரியைவிடக் கண்டிப்பானது. திரை பாய்மரம் மாதிரி உப்பும். சின்னப் பெண்ணாக டூயட் பாடிக்கொண்டிருக்கும் கதாநாயகிக்குத் திடீரென்று ஏழாவது மாதம். காற்று நின்றால் பழையபடி. சாரல் விழுந்தாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள், சாக்கை மடக்கித் தலையில் போட்டுக்கொள்வார்கள்.

சுற்றுப்பட்டி ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கூண்டு வண்டி, மொட்டை வண்டி, அப்புறம் ஓரிரண்டு டிராக்டர் டிரெய்லர். மாட்டை அவிழ்த்து வண்டிச் சக்கரத்திலேயே கட்டி, வைக்கோல் போட்டுவிட்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். திரைக்கு முன்னால் இடம் நிரம்பிவிட்டால் வண்டிகள் பின்னால் நிற்கும். இடது கை எம்.ஜி.ஆர். அப்படி வந்தவர்தான். வாகனத்தில் உட்கார்ந்தபடி வானத்துக்குக் கீழே சினிமா பார்ப்பதற்கு அமெரிக்காவில் டிரைவ்-இன் என்று பெயர் வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்று ஒருவர். நியூ ஜெர்சிக்காரர். தன் காரின் முன்மூடி மேல் ஒரு கோடாக் புரொஜக்டரை வைத்து, மரங்களுக்கு நடுவில் திரை கட்டி, வீட்டு வாசலிலேயே சோதனை பண்ணினார். மழை வந்தால் எப்படித் தெரியும் என்று பார்க்க, புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் கார்மேல் திருப்பிவிட்டாராம். முன்னால் நிற்கும் கார் மறைக்கக் கூடாது என்று சக்கரத்துக்குக் கட்டை வைத்து ஏற்ற இறக்கம் கணக்குப் போட்டார். 1933 மே மாதம் காப்புரிமை, ஜூன் 6ஆம் தேதி கேம்டன் நகரருகே முதல் காட்சி. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட். 1950களின் முடிவில் அமெரிக்காவில் ஏறத்தாழ நாலாயிரம் டிரைவ்-இன்கள் இருந்தன. நிலத்தின் விலை ஏறியது, வீடியோ வந்தது, ஒவ்வொன்றாக மூடினார்கள். 2020இல் கொரோனா வந்து பக்கத்தில் ஆள் உட்காரக் கூடாது என்றானபோது மறுபடி கொஞ்ச நாள் உயிர் வந்தது.

பக்கத்தில் ஆள் இல்லாமல் படம் பார்ப்பது. இதுதான் அதன் வசதி, இதுதான் அதன் கோளாறும். இதைப் புரிந்துகொண்டு எடுத்த படம் ஒன்று உண்டு. பீட்டர் போக்தனோவிச்சின் முதல் படங்களில் ஒன்றான ‘டார்கெட்ஸ்’ (1968). பேய்ப் பட நடிகராகவே காலத்தை ஓட்டிய போரிஸ் கார்லாஃப், ஓய்வுபெறப் போகும் ஒரு பேய்ப் பட நடிகராக வருகிறார். இன்னொரு பக்கம், பார்க்க நல்ல பிள்ளையாக இருக்கும் ஓர் இளைஞன். துப்பாக்கிகளோடு டிரைவ்-இன் திரைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, திரையிலுள்ள ஓட்டை வழியாகக் கார்களில் இருப்பவர்களைச் சுடுகிறான். ஒரு காரில் ஆள் செத்துக் கிடக்கிறான், பக்கத்துக் காரில் பாப்கார்ன் தின்கிறார்கள். சத்தம் திரையிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறார்கள். படத்தில் என்னை உலுக்கியது துப்பாக்கி இல்லை. நூற்றுக்கணக்கான பேர் ஓரிடத்தில் இருந்தும் அது ஒரு கூட்டமாக ஆகவில்லை என்பதுதான்.

எங்கள் களத்தில் அது நடக்காது. ‘நீயா?’ (1979) போட்ட ராத்திரி ஞாபகம் வருகிறது. நாகக்கன்னி ஸ்ரீப்ரியா ஒவ்வொருவராகப் பழிவாங்கிக்கொண்டிருக்கிறார். களத்தின் ஓரத்தில் யாரோ “எய்யா, பாம்பு!” என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முன்னூறு பேர் ஒரே ஆளாக எழுந்து ஓடினோம். மூங்கில் சாய்ந்தது, ஸ்ரீப்ரியா வைக்கோற்போர் மேல் நெளிந்தார். அரிக்கேன் விளக்கோடு போய்ப் பார்த்தால், மாடு அறுத்துக்கொண்டு போன தும்புக்கயிறு. பழுதையைப் பாம்பாகப் பார்ப்பதைப் பற்றி வேதாந்தத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது அன்றைக்கே புரிந்துவிட்டது.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் சொந்த விஷயம்.

எங்கள் அய்யாவுக்கு சினிமா ஆகாது. “சினிமா பாத்து உருப்பட்டவன் எவம்ல?” என்பது அவருடைய மொத்த விமர்சனமும். எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. பம்புசெட்டுக்குக் கரண்ட் ராத்திரிதான் வரும். அன்றைக்கு மடை மாற்ற வேண்டிய முறை என்னுடையது. நான் போகவில்லை. களத்தில் ‘பாசமலர்’. பக்கத்து வீட்டு மாமாவின் மொட்டை வண்டியில், நாலு பேருக்கு நடுவில் பதுங்கியிருந்தேன்.

பாதிப் படத்தில் டார்ச் லைட் தெரிந்தது. வண்டி வண்டியாக, முகம் முகமாக அடித்துக்கொண்டு வந்தது. என் முகத்தில் வந்து நின்றது.

“எறங்குலே.”

இறங்கினேன். முதுகை இறுக்கிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அய்யா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சை அணைக்கக்கூட மறந்து, அது அவர் காலடியில் ஒரு வட்டமாக எரிந்துகொண்டிருந்தது. சிவாஜியும் சாவித்திரியும். அண்ணன், தங்கச்சி. வண்டிச் சக்கரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கடைசி ரீல் வரை நின்றே பார்த்தார். ரீல் மாற்றும்போது லைட் வந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தெரிந்திருந்தது.

அய்யாவுக்கு ஒரே தங்கை. எனக்கு அத்தை. ஒரு வயல் பாகத் தகராறில் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் பலகாரத் தூக்குப் போயிற்று. ‘பாசமலர்’தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு படம் மனுஷனை மாற்றும் என்று எழுதுவது சுலபம், நிரூபிப்பது கஷ்டம். தண்ணீர் ராத்திரி முழுக்க ஒரே பாத்தியில் பாய்ந்து வீணாகப் போனதற்கு எனக்கு அடி விழவில்லை. இது மட்டும் உறுதி.

பின்னாளில் சென்னைக்கு வந்து படித்தவர்களோடு பழகினேன். “சிவாஜி மிகை நடிப்பு சார்” என்பார்கள். நானும் கொஞ்ச நாள் தலையாட்டினேன். இப்போது ஒன்று கேட்கத் தோன்றுகிறது: நீங்கள் அதை எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்? இருட்டான ஏ.சி. அறையில், பத்தடி தூரத்தில் டிவியில் பார்த்தால் அது மிகைதான். இருநூறடி தள்ளி, உப்பும் துணியில், மாடு அசைபோடும் சத்தத்துக்கும் பிள்ளை அழுகைக்கும் நடுவில், வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி கோபமாக நிற்கும் ஒரு மனுஷனிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் அந்தக் குரலும் அந்தக் கண்ணும் வேண்டும். நாடக மேடையிலிருந்து வந்த சிவாஜிக்குக் கடைசி வரிசை எங்கே இருக்கிறது என்று தெரியும். பீம்சிங்குக்கும் தெரியும். 1961இல் அந்தப் படத்தை எடுத்தவர்கள், மெட்ராஸ் தியேட்டருக்காக மட்டும் எடுக்கவில்லை. டென்ட் கொட்டகைக்கும் எங்கள் களத்துக்கும் சேர்த்தே எடுத்தார்கள்.

இதற்கு ஒரு பரம்பரையே உண்டு. திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டர் வாங்கிக்கொண்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். 1914இல்தான் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். நம்ம ஊரில் சினிமா முதலில் கூடாரத்தில் இருந்தது, அப்புறம்தான் கட்டடத்துக்குள் போனது. கட்டடத்தில் பிறந்த விமர்சனத்தால் கூடாரத்தில் வளர்ந்த கலையை அளந்தால் கணக்கு இடிக்கத்தான் செய்யும்.

வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) பார்த்தபோது இதெல்லாம் கிளறிவிட்டது. பள்ளிக்கு மட்டம் போட்டுப் படம் பார்த்த பையனை, அப்பா அம்மணமாகக் கட்டி வெயிலில் போடுகிறார். அவன் ஓடிப்போய் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராகிறான். வெளியே வெயில், உள்ளே இருட்டு. இருட்டுதான் அவனுக்கு வீடு. ஒருநாள் அந்தத் தியேட்டரையும் இடிக்கிறார்கள், பசுபதி தோற்றுப்போய் ஊருக்குத் திரும்புகிறார். அருமையான படம். ஆனால் அப்பனும் மகனும் சேர்ந்து சினிமா பார்க்கிற ஒரு காட்சி அதில் எனக்கு ஞாபகம் இல்லை. முதலில் குறையாகப் பட்டது. யோசித்தால், வசந்தபாலன் செய்ததே சரி. நாலு சுவர் இருந்தால் மகன் ஒளிந்துகொள்ளலாம், அப்பா வாசலிலேயே நின்றுவிடலாம். அந்தப் பிரிவுதான் படம். சுவர் இல்லாத இடத்தில் தேடி வந்தவரும் ரசிகராகிவிடுகிறார். எனக்குக் கிடைத்தது அந்த முருகேசனுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்குப் போன பிறகு அய்யாவைச் சென்னைக்குக் கூட்டி வந்திருந்தேன். கிழக்கு கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் பிரார்த்தனா டிரைவ்-இன். கடன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த பழைய மாருதியில் போனோம். அங்கே நான் பார்த்ததை ஹாலிங்ஸ்ஹெட் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். காருக்குள் ஆளே இல்லை. எல்லோரும் டிக்கியைத் திறந்து, பாய் விரித்து, டிபன் கேரியரைப் பிரித்து, புளியோதரையும் தயிர்சாதமுமாக வெளியே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கார்க்காரர் குழந்தை எங்கள் பாயில் தூங்கியது. காருக்குள் தனித்தனியாகப் பூட்டிவைக்க அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததை, நம்ம ஜனங்கள் ஒரே ராத்திரியில் டென்ட் கொட்டகை ஆக்கிவிட்டார்கள்.

அய்யா உட்காரவில்லை. காரின் கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். படம் ஏதோ காதல் கதை. சுமார்தான், பேர்கூட மறந்துவிட்டது. இடைவேளையில் கேட்டேன்.

“உக்காருங்களேய்யா. கால் வலிக்கும்லா?”

“இருக்கட்டும். நின்னு பாத்தாத்தான் படம் பாத்த மாரி இருக்கு.”

அன்றைக்கு ராத்திரியைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அய்யாவும் இல்லை, அத்தையும் இல்லை இப்போது.

இன்றைக்கு நாம் படம் பார்ப்பது கைப்பேசியில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு. ஆளுக்கொரு கார் போய் ஆளுக்கொரு திரை வந்துவிட்டது. நடிகர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுப்பு நல்ல நடிப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த முறை பழைய படம் ஒன்றைப் பார்த்து “என்ன இந்தக் கத்து கத்துறாங்க” என்று சிரிப்பு வந்தால், ஒரு நிமிஷம் பொறுங்கள். அவர்கள் உங்களிடம் பேசவில்லை. களத்தின் கடைசியில் டார்ச் லைட்டோடு மகனைத் தேடி வந்து நிற்கிற ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.