வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள்

அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவர் சிலையாக இல்லை, கம்பமாக இருக்கிறார். போனமுறை அங்கே செல்போனைத் தூக்கினேன். "மூலவரைப் போட்டோ எடுக்கக்கூடாது தம்பி" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். பையில் போட்டுட்டேன்.

திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. தாது வருஷப் பஞ்சம் பற்றிய என் பழைய பதிவில், எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தின் படத்தைப் பெரிசா போட்டிருந்தேன். கம்பத்துக்குக் கொடுத்த மரியாதையை அவங்களுக்கு ஏன் கொடுக்கலை?

1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் அந்தப் படங்களை எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னை ராணுவ அதிகாரி. அன்றைய காமிராவுக்கு ஆட்கள் அசையாமல் இருக்கணும். ஆகவே இவை தற்செயலாகச் சிக்கிய காட்சிகள் இல்லை. வரிசையாக உட்காரவைத்து, விலா எலும்பு தெரிய எடுத்தவை. நான் பார்த்த படங்கள் எதிலும் ஒரு பெயர்கூட இல்லை.

பார்த்த வெள்ளைக்காரர்கள் இரங்கியிருப்பார்கள், நன்கொடையும் கொடுத்திருப்பார்கள். அதை மறுக்கலை. ஆனால் படத்துக்குள் வராதது என்ன? 1877-ல் நிவாரண வேலை செய்தவர்களின் தானியத்தை நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் என்று குறைக்க வைத்தவர் ரிச்சர்ட் டெம்பிள். அதே காலத்தில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. படம் பசியைக் காட்டுகிறது, பசிக்க வைத்த உத்தரவைக் காட்டவில்லை. பஞ்சம் ஏதோ அந்த உடம்புகளின் இயல்பு மாதிரி ஆகிவிடுகிறது.

இதே ஹூப்பர் 1886-ல் மாண்டலேயில், பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் நொடியைப் படம்பிடிக்க முயன்றார் என்று லண்டன் வரை கண்டனம் எழுந்து, விசாரணை நடந்தது. அங்கேயும் எதிரே நின்றவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

தாது பஞ்சத்தை நம்மவர்களும் பதிவு செய்திருக்காங்க. வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்', மதுரைச் சுந்தரேசுவரரே சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதுவதாக அமைந்த நையாண்டி நூல். அதில் பஞ்சம் வாய்திறந்து பேசுகிறது. ஹூப்பரின் படத்தில் இருப்பவர்களை நாம் பார்க்க மட்டும்தான் முடியும்.

படத்தை நீக்கிடலாமா என்று யோசித்தேன். மறைத்தால் டெம்பிளுக்குத்தான் லாபம். முகப்பிலிருந்து எடுத்து, உள்ளே சிறிதாக வைத்து, எடுத்தவர் பெயர், ஆண்டு, அந்த 450 கிராம் கணக்கு எல்லாம் கீழே எழுதியிருக்கேன். இதே படங்கள் '1943 வங்கப் பஞ்சம்' என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் வந்தால், பகிர்வதற்கு முன் நீங்களும் ஒரு வரி திருத்திவிடுங்க. பெயரைத்தான் தொலைத்தோம், ஊரையும் வருஷத்தையுமாவது அவங்களுக்குத் திருப்பித் தரலாமே.