வள்ளியம்மா பேராண்டிக்கு ஒரு சிவகாசித் தாத்தா

ராப் பாடகர் அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ 2024இல் வெளிவந்தபோது ரசிகர்கள் துள்ளியதில் தவறில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் பெயரைப் பேரன் தன் தொகுப்புக்குச் சூட்டுவது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு பேச்சும் சுற்றிவருகிறது. சினிமாவின் தயவில்லாமல் தமிழ்ப் பாட்டு பிழைக்கத் தொடங்கியதே இப்போதுதானாம். 2021 மார்ச்சில் அறிவு பாடி வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’தான் அதற்குப் பிள்ளையார் சுழியாம். மற்ற ஊர்க்காரர்கள் எப்படியோ, சிவகாசிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளக் கூடாது.

நாடக மேடைப் பாடகர் எஸ். எஸ். விஸ்வநாததாஸ் பிறந்த ஊர் அது.

தமிழில் பேசும்படம் வந்ததே 1931இல்தான். அதற்கு முன் பாட்டு என்றால் நாடக மேடையும் கிராமபோன் தட்டும். சங்கரதாஸ் சுவாமிகள், ஸ்பெஷல் நாடகம், கிட்டப்பா–சுந்தராம்பாள் ஜோடி என்று அந்தக் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. திரை வரலாற்றாளர் தியடோர் பாஸ்கரனைப் படித்தவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. உறுத்துவது வேறு. 1886இல் பிறந்த தாஸுக்குத் தியாகி என்ற பட்டம் கிடைத்தது, திருமங்கலத்தில் நினைவில்லம் கிடைத்தது. பாட்டின் வரலாற்றில் பாடகன் என்ற இடம் மட்டும் சரியாகக் கிடைக்கவில்லை.

அவர் மேடையில் செய்ததை இன்றைய ராப் பாடகர்கள் உட்கார்ந்து படிக்கலாம். நாடகம் ‘வள்ளி திருமணம்’. வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குள் ஒரு வெள்ளைக் கொக்கைப் பறக்கவிடுவார் தாஸ். அந்தக் கொக்கு யாரென்று எதிரே தரையில் உட்கார்ந்திருந்த சம்சாரிக்கும் தெரியும், ஓரத்தில் நின்ற போலீஸ்காரருக்கும் தெரியும். முருகன் வேஷம் கலையாது. பாட்டின் பொருள் மட்டும் மாறிவிடும். நாடகங்களை அடக்கவென்றே 1876இல் சட்டம் போட்டு வைத்திருந்த வெள்ளைக்கார அரசு அவரைத் திரும்பத் திரும்பக் கைது செய்தது. வெளியே வந்ததும் மறுபடி மேடை. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

அவர் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். அதனாலேயே அவருக்கு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. பாட்டு வேண்டும், பாடுகிறவன் தள்ளி நிற்க வேண்டும் என்கிற அந்தக் கணக்கு நாடகக் கொட்டகையோடு ஒழிந்துவிடவில்லை. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் ‘என்ஜாய் எஞ்சாமி’ ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. அவர் தன் உழைப்பைப் பற்றிப் பொதுவெளியில் எழுத, பாட்டு மூவரின் கூட்டுப் படைப்பு என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் விளக்கம் கொடுத்தார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இப்படி ஒரு சச்சரவு எழுந்ததே, அறிவு எந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டுகிறது.

தாஸுக்கும் அறிவுக்கும் நடுவில் விமர்சகர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தாண்டிவிடுகிற ஒரு கட்டம் இருக்கிறது: எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்ரகாளி கோயில், சாத்தூர் பக்கம் இருக்கன்குடி என்று எங்கே கொட்டகை போட்டாலும் குழாய் ரேடியோவில் முதலில் எழுகிற குரல் அவருடையது. எந்தப் படத்திலும் வராத பாட்டு, எந்த நட்சத்திரமும் வாயசைக்காத பாட்டு, தலைமுறை தலைமுறையாக ஊரையே சாமியாட வைத்திருக்கிறது. தெற்குச் சீமையின் முதல் பாப் பாடகி அவர்தான் என்று சொன்னால் சபாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

பக்தி ஒரு பக்கம் ஓட, நாட்டுப்புறப் பாடகர் கே. ஏ. குணசேகரன் ‘தன்னானே’ குழுவோடு இன்னொரு பக்கம் போனார். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ அவர் குரலில்தான் ஊர் ஊராகப் பரவியது. பல்கலைக்கழகப் பேராசிரியர் பறையோடு மேடையேறியதைப் பார்த்தவர்களுக்கு, 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு பாடியது ஆச்சரியமாக இருந்திருக்காது, ஆறுதலாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் பாப் கேசட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மால்குடி சுபாவின் ‘வால்பாறை வட்டப்பாறை’ நல்ல துள்ளல்தான். ஆனால் அந்த அலையில் வந்த பல பாட்டுகளைப் படத்தில் செருகியிருந்தாலும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. மலேசியாவிலிருந்து 2006இல் வந்த யோகி பி – நட்சத்திராவின் ‘வல்லவன்’ மேலான முயற்சி; தமிழ் ராப்புக்கு மூச்சுப் பழக்கியது அது. 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ வந்தது. அதைப் போட்ட ஹிப்ஹாப் தமிழாவைச் சினிமா வாரி அணைத்துக்கொண்டது.

‘வள்ளியம்மா பேராண்டி’ இந்தக் கேசட் வரிசையைச் சேர்ந்ததல்ல; தாஸ், குணசேகரன் வரிசையைச் சேர்ந்தது. 2019இல் வந்த அறிவின் ‘தெருக்குரல்’ அளவுக்கு இதில் சூடில்லை என்று குறைப்படுகிறவர்கள், கோபத்தைத் தவிர வேறெதையும் அறிவு பாடக்கூடாது என்று நினைக்கிறவர்கள். பாட்டி பேசுகிற இடங்களில் தொகுப்பு எழுந்து நிற்கிறது. ஒலிப்பதிவின் மெருகு முந்திக்கொள்கிற இடங்களில் சற்றுத் தளர்கிறது. ‘முதல்’ என்ற பட்டம் இதற்குத் தேவையே இல்லை. அந்தப் பட்டம் இதன் தாத்தாக்களைத்தான் அநாதையாக்குகிறது.

பாட்டிகளின் கதையைப் பாட்டாக்குகிற இந்த வழிதான் தமிழ்ப் பாட்டு இனிப் போக வேண்டிய திசையும். சிவகாசி வட்டாரமே அதற்குத் தோதான இடம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து நூறாண்டு தாண்டிவிட்டது. கட்டை அடுக்குவது, திரி வெட்டுவது, சரம் பின்னுவது என்று கைகள் ஓயாத ஊர். 1990இல் சலம் பென்னுர்கர் இந்த ஊரைப் பற்றி ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஆவணப்படம் எடுத்துவிட்டுப் போனார். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 38 பேர் இறந்தபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. படமும் செய்தியும் வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தவை, எழுதியவை. அறிவு தன் பாட்டியின் கதையைக் கேட்டதுபோல் இங்கே ஒரு பேத்தி தன் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டால், கிடைப்பது ஒப்பாரி மட்டுமாக இருக்காது. கூலிக் கணக்கு வரும், போர்மேனைக் கேலி செய்கிற வரி வரும், தீபாவளி போனஸில் எடுத்த சேலையின் நிறம்கூட வரும்.