எந்த இரைக்கு எந்த ரீல்?

அமெரிக்க நன்னீர் மீன்பிடிப் போட்டிகளின் சிகரமாக மதிக்கப்படுவது பாஸ்மாஸ்டர் கிளாசிக். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் டென்னஸி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் நடந்த அந்தப் போட்டியில், மூன்று நாளும் முதலிடத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் நின்று, மொத்தம் 42 பவுண்டு 7 அவுன்ஸ் மீனைத் தராசில் ஏற்றி, அப்பட்டத்தைக் கைப்பற்றிய முதல் கனடியர் என்ற கீர்த்தியையும் அடைந்தவர் ஜெஃப் குஸ்டாஃப்ஸன். இரண்டு நீர்த்தேக்கங்களை இணைக்கும் கால்வாய் ஒன்றில், அடித்தரையை ஒட்டி நின்ற ஸ்மால்மவுத் பாஸ் மீன்களைச் சோனார் திரையில் கண்டு, ஈயத்தலை முள்ளில் கோத்த சிறு ரப்பர் மீனை அவற்றின் தலைக்கு மேலே இறக்கி, ஆட்டாமல் அசைக்காமல் அப்படியே நிறுத்தி வைப்பது அவர் கையாண்ட உபாயம். கடைசி நாளில் மீன்கள் மனம் மாறிவிட்டன. இரண்டே இரண்டுதான் கிடைத்தன. அந்த இரண்டும் போதுமாயிருந்தன.

ரசிகர்கள் எடையைப் பற்றியும் நரம்பு துடித்த அந்தக் கடைசி நாளைப் பற்றியும் பேசினார்கள். என் கவனத்தை இழுத்தது அவர் கோலுக்கு அடியில் தொங்கிய ஸ்பின்னிங் ரீல். ஸ்பின்னிங் என்றால் சிறுவர்களுக்கும் கற்றுக்குட்டிகளுக்கும் உரியது, கைதேர்ந்தவன் கையில் இருக்கத்தக்கது பெயிட்காஸ்டிங் ரீல் ஒன்றே என்ற அபிப்பிராயம், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பாஸ் பிடிப்போரிடையே வெகுகாலம் ஆட்சி செய்து வந்தது. மெல்லிய ஸ்பின்னிங் கோலைத் தேவதையின் மந்திரக்கோல் என்று கேலி பேசும் வழக்கம் இன்னும் அடியோடு அற்றுப்போய்விடவில்லை. அந்தக் கேலிக்கு என்ன ஆதாரம் என்று யந்திரத்தைத் திறந்து பார்ப்பதே நியாயம்.

அதற்கு முன் மீனைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே பாஸ் என்பது நம்மூர் ஓட்டல்களில் ஸீ பாஸ் என்று பரிமாறப்படும் கொடுவா அன்று. வட அமெரிக்காவின் ஏரிகளையும் ஆறுகளையும் பிறப்பிடமாகக் கொண்ட நன்னீர் மீன். அதில் லார்ஜ்மவுத் என்ற இனம், நீர்ச்செடிகளின் மறைவிலும் விழுந்து கிடக்கும் மரங்களின் கிளைகளுக்குள்ளும் படகுத்துறைத் தூண்களின் நிழலிலும் பதுங்கியிருந்து பாயும் சுபாவம் உடையது. ஸ்மால்மவுத் என்பது தெளிந்த, குளிர்ந்த நீரையும் பாறைத் தரையையும் நாடுவது. ரீல்களைப் பற்றிய சர்ச்சையில் பாதி இந்த இரண்டு சுபாவங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

பெயிட்காஸ்டிங் ரீலின் பூர்விகம் கென்டக்கி மாநிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பாரிஸ் என்னும் சிற்றூரில் கடிகாரத் தொழில் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றும்படி பற்சக்கரங்களைக் கோத்து ரீல் செய்தார். ஸ்பின்னிங் ரீலோ இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்து நெசவாலை முதலாளியான ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905-இல் காப்புரிமை பெற்ற சாதனத்திலிருந்து கிளைத்தது. ஆலையில் கண்டிலிருந்து நூல் முனை வழியாகக் கழன்று வருவதைப் பார்த்தே அந்த யோசனை அவருக்கு உதித்தது என்பார்கள். ஒன்று கடிகாரக்காரன் மூளையிலும் மற்றொன்று நெசவாலைக்காரன் மூளையிலும் பிறந்ததை, இரண்டையும் பிரித்து மேஜைமேல் பரப்பிப் பார்க்கிறவன் இன்றும் கண்டுகொள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலான் நரம்பு மலிந்ததும், பிரான்சிலிருந்து மிட்செல் ரீல்கள் வந்து இறங்கியதும், ஸ்பின்னிங்கை அமெரிக்க வீடுதோறும் கொண்டு சேர்த்தன. எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருளுக்கு நிபுணர்களிடம் கௌரவம் குறைவது உலக இயல்பு.

பெயிட்காஸ்டரில், எறியப்பட்ட இரை பறந்து செல்லும்போது தன் பின்னால் நரம்பை மட்டும் இழுத்தால் போதாது. நரம்பு சுற்றிய உருளையையும் சேர்த்துச் சுழற்றியாக வேண்டும். இரைக்குப் போதிய கனம் இருந்தால் இது சுலபம். கனம் குறைந்தால், உருளையை அசைப்பதிலேயே எறிந்த வேகத்தில் பெரும்பங்கு செலவாகி, இரை படகுக்கு அருகிலேயே விழுந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை மறுமுனையில் இருக்கிறது. வாளி தண்ணீரைத் தொட்ட பிறகும் கிணற்று ராட்டினம் சும்மா சுழன்றுகொண்டிருப்பதைப்போல, காற்றில் இரையின் வேகம் தணிந்த பிறகும் உருளை பழைய வேகத்திலேயே ஓடினால், வெளியேற வழியில்லாத நரம்பு பொங்கிக் கிளம்பி, சுருளுக்குள் சுருளாகச் சிக்கி, குருவிக்கூடாகிவிடும். இதைத் தடுக்கவே காந்தத் தடையும், மையவிலக்குத் தடையும், இந்த நூற்றாண்டில் ஷிமானோ கொண்டுவந்த மின்னணுத் தடையும் ஏற்பட்டன. ஆனாலும் கடைசித் தடை மனிதனின் கட்டைவிரல்தான். உருளையின் மேல் அதைப் பட்டும் படாமலும் வைத்திருந்து, இரை நீரைத் தொடும் கணத்துக்கு ஒரு விநாடி முன்னதாக மெல்ல அழுத்தி நிறுத்துகிற லாகவம் கைவந்துவிட்டால், கரையோரப் புல்லுக்கும் நீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில், சத்தமின்றி இரையை வைத்துவிடலாம். தேர்ந்தவர்கள் இந்த ரீலின்மேல் கொண்டிருக்கும் மோகத்துக்குக் காரணம் இந்தக் கட்டைவிரல் சுகமே என்று நான் நினைக்கிறேன்.

ஸ்பின்னிங்கில் உருளை சுழல்வதில்லை. பெயில் என்னும் வளைகம்பியைத் திறந்து எறிந்தால், உருளையின் விளிம்பைத் தாண்டி நரம்பு தானே சுருள் சுருளாகக் கழன்று போகிறது. கோலின் முதல் வளையம் அகலமாக இருப்பது இந்தச் சுருள்களைக் கட்டுக்குள் கொண்டுவரத்தான். இரண்டு கிராம் இரையையும் எதிர்க்காற்றில் எறியலாம். இரையை நேராகக் கீழே இறக்க வேண்டிய சந்தர்ப்பத்திலும் அனுகூலம் இதற்கே: உருளையைச் சுழற்றவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாததால், படகை நோக்கி ஊஞ்சல்போல் சாய்ந்து வராமல், தன் கனத்தாலேயே செங்குத்தாக இறங்கிவிடும். நாக்ஸ்வில் கால்வாயில் மீனின் தலைக்கு மேலே இரையை நிறுத்தியவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கும் வியாதி உண்டு. நரம்பு உருளையில் ஏறும்போது முறுக்கிக்கொள்கிறது. பெரிய மீன், டிராக் என்னும் நழுவுதடையை மீறி நரம்பை உருவிக்கொண்டு ஓடும் நேரத்தில், ஆத்திரப்பட்டுக் கைப்பிடியைச் சுற்றுகிறவன் முறுக்கின்மேல் முறுக்கு ஏற்றுகிறான். எறிந்து முடித்ததும் கைப்பிடியைச் சுற்றி மூடாமல், பெயிலைக் கையாலேயே மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிய பிறகு சுற்ற ஆரம்பித்தால் இந்தக் கஷ்டம் பெருமளவு தீரும். கடைக்காரர் இதைச் சொல்லித்தருவதில்லை.

விளிம்பின் வழியே கழலவேண்டிய நரம்பு தடிமனாகவும் விறைப்பாகவும் இருந்தால் உராய்வு மிகுந்து தூரம் குறைகிறது. ஆகையால் ஸ்பின்னிங்குக்கு ஆறு முதல் பத்து பவுண்டு வரை இழுவை தாங்கும் மெல்லிய நரம்பே பொருந்தும். இதனால்தான் ரீலைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் நரம்பைத் தேர்ந்தெடுப்பதாகவே முடிகிறது என்பது என் கட்சி. எரி, செயின்ட் கிளேர் ஆகிய ஏரிகளில் ஸீப்ரா சிப்பிகள் பரவியபின் நீர் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. அங்கே ஸ்மால்மவுத் தடித்த நரம்பைக் கண்டால் விலகிப்போகும். ஈயம் அடியில் கிடக்க, முள் ஓர் அடி மேலே மிதக்கும் டிராப் ஷாட் முறை, ஜப்பானிலிருந்து தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அமெரிக்கா வந்து, இத்தகைய நீரிலேயே செழித்தது. நெட் ரிக், வேக்கி ரிக் முதலிய நுண்ணிய உத்திகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னல் நரம்பு பரவியபிறகு ஸ்பின்னிங்கின் பலமும் கூடிற்று: பத்துப் பதினைந்து பவுண்டு பின்னல் நரம்பை உருளையில் ஏற்றி, முனையில் எட்டு பவுண்டு ஃபுளூரோகார்பன் நரம்பை முடிந்துகொண்டால், முறுக்குத் தொல்லை குறைவு, தூரம் அதிகம், மீனின் கண்ணுக்கும் எளிதில் புலப்படாது.

இந்தச் சாதனத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஃபுளோரிடாவின் ஒக்கீச்சோபி ஏரிக்குப் போனால் அவமானப்பட்டுத் திரும்ப வேண்டியதுதான். அங்கே ஹைட்ரில்லாப் பாசி நீர்மேல் பாயாக விரிந்து கிடக்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு இறங்க 30 முதல் 50 கிராம் வரை டங்ஸ்டன் குண்டு வேண்டும். இறங்கிய இரையைக் கவ்விய மீனைச் செடிக்குள் திரும்பவிடாமல் முதல் இரண்டு விநாடிக்குள் மேலே தூக்கியாக வேண்டும். 65 பவுண்டு பின்னல் நரம்பு, ஏழரை அடிக் கனத்த கோல், நரம்பை நேர்க்கோட்டில் இழுக்கும் பெயிட்காஸ்டர் என்ற மூன்றும் சேர்ந்துதான் அந்தக் காரியத்தைச் செய்கின்றன; பெயிலில் நரம்பு செங்கோணத்தில் திரும்பிச் சுற்றவேண்டியிருப்பதால் அந்த இழுவைப் பலம் ஸ்பின்னிங்குக்கு வருவதில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த டீ தாமஸ் 1975-இல் ஆர்க்கன்ஸாவின் புல் ஷோல்ஸ் ஏரியில், நீண்ட கோலைக் கொண்டு புதர்களுக்குள் இரையைத் தாலாட்டி இறக்கும் ஃபிளிப்பிங் முறையால் போட்டியை வென்று தென் மாநிலத்தாரை வியக்க வைத்தது முதல், மறைவிடத்து மீன்பிடிப்பு பெயிட்காஸ்டரின் ராஜ்யமாகிவிட்டது. ரப்பர் தவளை எறிவதும் அவ்வாறே. ஆழத்தில் முக்குளிக்கும் கிராங்க்பெயிட்டை நாளெல்லாம் இழுக்கவும் இதுவே தகும். அதற்கு 5:1 போன்ற நிதானமான சுற்று விகிதமும், ஈயத்தலை முள்ளான ஜிக், ஃபிளிப்பிங் போன்றவற்றுக்கு 7:1-க்கு மேற்பட்ட விரைவும் உசிதம்.

நடுவே ஒரு பொதுநிலம் இருக்கிறது: ஏழு முதல் பத்து கிராம் வரையிலான இரைகள். இங்கே இரண்டும் செல்லும். படகுத்துறைக்கு அடியில் இரையை நீர்மேல் தத்தவிட்டு உள்ளே அனுப்புவதற்கு ஸ்பின்னிங் எளிது என்பதை வல்லவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதே இடத்திலிருந்து மூன்று கிலோ லார்ஜ்மவுத்தைத் தூணில் சுற்றாமல் வெளியே கொண்டுவரப் பெயிட்காஸ்டர் இருந்தால் தேவலை என்று பின்னால் தோன்றும். ஜப்பானியர் இலேசான உருளையை வைத்து ஐந்து கிராமுக்குக் குறைந்த இரையையும் எறியவல்ல பெயிட்காஸ்டர்களைச் செய்திருக்கிறார்கள், அழகான வேலைப்பாடுதான். ஆனால் ஒரு சாதாரண ஸ்பின்னிங் ரீல் சிரமமின்றிச் செய்கிற காரியத்துக்கு அவ்வளவு பணம் கொட்டுவது ரசனையைச் சேர்ந்த விஷயமே ஒழிய அவசியத்தைச் சேர்ந்ததாகாது.

முதலில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பவர், ஏழடி நடுத்தரக் கோலும் 2500 அளவு ஸ்பின்னிங் ரீலும் வாங்கட்டும். இரண்டாவதாகப் பெயிட்காஸ்டர் வாங்கும்போது, ஒரு கையால் எறிந்து மறு கைக்குக் கோலை மாற்றும் அனாவசிய வேலையைத் தவிர்க்க, இடப்பக்கக் கைப்பிடி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். பழகுவதற்கு எட்டுக் கிராம் இரையை எடுக்கக் கூடாது. 14 கிராம் இரையைக் கட்டி, உருளையின் பக்கத்திருகை இறுக்கி, இரை தரையைத் தொட்டதும் உருளை தானே நின்றுவிடும் அளவுக்குச் சரிசெய்து, தடையை முக்கால் பங்கு ஏற்றி வைத்து, புல்வெளியில் எறிந்து பார்க்கலாம். குருவிக்கூடு விழத்தான் விழும். விழுந்தால் கத்தியைத் தேடாமல், கட்டைவிரலை உருளைமேல் பலமாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி நரம்பை இழுத்தால், பெரும்பாலான சிக்குகள் அந்த இழுப்பிலேயே அவிழ்ந்துகொள்ளும்.