தீனி எங்கே இருக்கிறதென்று நாய்க்குத் தெரியும்

நாய்க்குப் பழக்கம் கற்றுத்தர முனைகிறவர்கள் முதலில் விசாரிப்பது, என்ன தீனி கொடுக்கலாம் என்பதைத்தான். கோழி ஈரலா, நெத்திலியா, கடையில் விற்கும் பிஸ்கட்டா என்று பலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அந்தத் தீனியை உடம்பில் எங்கே வைத்துக்கொள்வது என்று யாரும் கேட்பதில்லை. கால்சட்டைப் பையில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கிவிடுகிறார்கள். பல வீடுகளில் பயிற்சி பாதியில் நின்றுபோவதற்கு அந்தக் கால்சட்டைப் பையே காரணம்.

ஜோகூரின் மாசாயில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தாமான் ரிந்திங், பண்டார் ஸ்ரீ ஆலாம் பக்கத்து வரிசை வீடுகளில் நாய்க்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் கேட்டுக்கு உள்ளே கார் நிற்கும் சிமெண்டுத் தரைதான். வளர்ப்பவருக்குக் கிடைக்கும் நேரமும் அதைப்போலவே சிறியது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கும், விடிவதற்குள் மோட்டாரில் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போகிறவருக்கும் ஒரு நாளில் பத்து நிமிடம் மிஞ்சினால் அதிகம். அந்தப் பத்து நிமிடத்தில் பாதியை ஒட்டிக்கொண்ட ஈரலைப் பையிலிருந்து பிரித்தெடுப்பதிலேயே செலவழித்தால் நாய் எதைக் கற்கும்?

கைக்குத் தீனி வந்து சேரும் வேகம் அவ்வளவு முக்கியம். நாய் உட்கார்ந்த அடுத்த நொடியில் பலன் கிடைத்தால்தான் எதற்காகக் கிடைத்தது என்பது அதற்குப் புரியும். மூன்று நொடி தாமதித்தால், அதற்குள் நாய் எழுந்து நின்று வாலாட்டியிருக்கும். பரிசு எழுந்து நின்றதற்குப் போய்விடும். உளவியலாளர் ஸ்கின்னர் 1951இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் விலங்குகளைப் பழக்குவது பற்றி எழுதியபோது, 'டக்' என்று ஒலிக்கும் சிறு பொம்மை ஒன்றைப் பரிந்துரைத்தது இதற்காகத்தான். சரியான செயல் நடந்த கணத்தில் அந்த ஒலி எழும். தீனி பின்னால் வரும். இன்று கிளிக்கர் என்று கடைகளில் விற்பது அதன் வாரிசு. ஒலி சற்று அவகாசம் வாங்கித் தரும் என்பது உண்மைதான். ஆனால் 'டக்' என்ற பிறகும் கை பைக்குள் துழாவிக்கொண்டே இருந்தால் அந்த ஒலிக்கும் மதிப்புப் போய்விடும்.

வாய் அகன்று, காந்தத்தாலோ கம்பிச் சட்டத்தாலோ தானே மூடிக்கொள்ளும் இடுப்புப் பை இங்கேதான் வெல்கிறது. பார்க்காமலே கையை விடலாம், ஒரு துண்டை எடுக்கலாம், குனியும்போது கொட்டாது. கயிறு இழுத்து மூடும் பை மலிவு. ஆனால் திறக்க இரண்டு கை வேண்டும், ஒரு கையிலோ நாயின் வார் இருக்கும். ஜிப் வைத்த பையை ஈரக் கையோடு திறப்பது பெரும்பாடு. வெல்க்ரோ பிரியும் சத்தமே நாய்க்கு அறிவிப்பாகிவிடும். துணிப்பையில் கோழி நெய் ஊறினால் வாடை லேசில் போகாது. சிலிக்கோன் பையை மீன் சட்டி கழுவுவதுபோல் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். மாசாயின் புழுக்கத்தில் சிலிக்கோன்தான் சரி.

புழுக்கத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. சமைத்த இறைச்சியை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் வரம்பு. ஜோகூரில் பகல் வெப்பம் பல நாட்களில் அந்த எல்லையைத் தொடும். காலையில் இடுப்பில் கட்டிய ஈரலை மாலையில் கொடுப்பது நாய்க்கு நோய் வாங்கித் தருவதற்குச் சமம். நெத்திலியை ஊறவைத்து உப்பை இறக்கி மொறுமொறுவென்று காயவைத்தால் அந்தக் கவலை குறையும். குழம்பிலிருந்து எடுத்த கோழித் துண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இராது, இரண்டுமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

கால்சட்டைப் பைமீது இன்னொரு கடுமையான குற்றச்சாட்டு உண்டு. சர்க்கரை இல்லாத சூயிங்கமும் மிட்டாயும் பலர் வைத்திருப்பது அதே பையில்தான். அவற்றில் பலவற்றில் சைலிட்டால் என்னும் இனிப்பு இருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அது, நாயின் இரத்தச் சர்க்கரையைச் சரசரவென இறக்கி, உயிருக்கே உலை வைக்கும். தீனி வாடை ஊறிய கால்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டால், நாய் பையைக் கிழித்து உள்ளே இருப்பதையெல்லாம் தின்றுவிடும்.

அப்படியானால் இடுப்புப் பைதான் முடிவா? இல்லை. அதன் பெரிய குறை, அது நன்றாக வேலை செய்வதிலேயே இருக்கிறது.

பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுவதாகப் பேர் வாங்கியது. விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். உளவியலாளர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் அதைச் சோதித்துக் கண்ட உண்மையை 1907இல் வெளியிட்டார்: சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் மிக நுட்பமாக அசைந்தன, குதிரை அந்த அசைவைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. வீட்டு நாயும் இதைத்தான் செய்கிறது. 'உட்கார்' என்று சொல்வதற்கு முன்பே எசமானரின் வலக்கை இடுப்பை நோக்கி ஓர் அங்குலம் நகர்கிறது. நாயின் கண் முகத்தில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. கை நகர்ந்தால் உட்காரும். சொல் அதன் காதில் ஏறவே இல்லை. பையைக் கட்டாத நாளில் அதே மனிதர் அதே சொல்லைச் சொன்னால், யாரையோ அழைக்கிறார்கள் என்பதுபோல் நிற்கும்.

அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பயணப் பெட்டிகளை மோப்பம் பிடிக்கும் பீகிள் நாய்களுக்கும் தீனிதான் கூலி. அங்கே இந்தச் சிக்கல் பெரிதாக எழாது. வேலை நேரம் முழுவதும் அதிகாரியிடம் தீனி இருக்கும். வீட்டு நாய்க்கு அவசரம் வருவது வேறு நேரத்தில். இரவு பத்து மணிக்குக் கேட் திறந்து கிடக்கிறது, சாலையில் லோரி வருகிறது, எசமானர் கைலியோடு வெளியே ஓடிவருகிறார். அப்போது இடுப்பில் பை இராது. அந்தக் கணத்தில் 'வா' என்ற சொல்லுக்கு நாய் திரும்பாவிட்டால் அத்தனை வாரப் பயிற்சிக்கும் பொருளில்லை.

இதைச் சொல்லித் தீனியையே ஒதுக்குகிறவர்கள் உண்டு. தட்டிக்கொடுத்தால் போதும், பாராட்டினால் போதும் என்பது அவர்கள் கட்சி. ஆனால் ஃபாயர்பாக்கர், வின் என்ற ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் அருகில் வந்து கொஞ்சுவதைவிட உணவே நாய்களிடம் அதிகம் வேலை வாங்கியது. லாப்ரடார்களில் கால்வாசிக்கு, பசியைக் கூட்டும் ஒரு மரபணுக் குறை இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். ஊனமுற்றோருக்கு உதவும் நாய்களிடையே அதன் விகிதம் இன்னும் மிக அதிகம். தின்னும் ஆசை உள்ள நாய்தான் பழகவும் செய்கிறது. ஆகவே மாற வேண்டியது தீனி இருக்கும் இடம் மட்டுமே.

முதல் சில வாரங்களுக்கு இடுப்புப் பை இருக்கட்டும். நாளின் உணவிலிருந்து ஒரு பங்கை அதில் போட்டுக்கொண்டால் அளவும் மீறாது. மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகக் கூடாது என்பார்கள் கால்நடை மருத்துவர்கள். சொல்லுக்கு நாய் பழகத் தொடங்கியதும் பையை முதுகுப் பக்கம் தள்ள வேண்டும். பயிற்சி இல்லாத நேரத்திலும் அதைக் கட்டிக்கொண்டு துணி காயப்போட வேண்டும். பிறகு அவிழ்த்துவிட்டு, கேட்டுத் தூண்மேல் ஒரு மைலோ டின், சமையலறை அலமாரியில் ஒன்று என்று தீனியை வீட்டுக்குள் பரப்பிவிடலாம். நாய் சொன்னதைச் செய்ததும் கிளிக்கரோ 'சபாஷ்' என்ற சொல்லோ ஒலிக்க, எசமானரும் நாயும் சேர்ந்து டின்னை நோக்கி ஓடுவார்கள். அந்த ஓட்டமே நாய்க்குப் பாதிப் பரிசு. வெறுங்கையோடு நிற்பவரிடமிருந்தும் நல்லது வரும் என்பதை அது இப்படித்தான் தெரிந்துகொள்கிறது. இடுப்புப் பையால் இதை ஒருபோதும் கற்றுத்தர முடியாது.

டின்னுக்கும் தொல்லை உண்டு. மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் ஒரே இரவில் எறும்பு மொய்த்துவிடும். நம் வீடுகளில் சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதுபோல் தட்டில் நீர் ஊற்றி நடுவில் வைக்கலாம். மழைக்காலத்தில் நெத்திலி நமுத்துப் பூஞ்சை பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும்.

எச்சில் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கம்பக்கத்தில் மலாய்க் குடும்பங்கள் இருக்கும் தாமானில், நாய் நக்கிய கையோடு கேட்டுக்கு வெளியே போய்க் கைகுலுக்குவது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும். நாய் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்தாக வேண்டும். பிதுக்கினால் வெளிவரும் குழாய்ப் புட்டியில் அரைத்த ஈரலை நிரப்பிக் கொடுத்தால் கையில் எதுவும் ஒட்டாது. கேட்டருகே டின் வைக்கும் வீடுகளில் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாயும் சோப்பும் இருப்பது நல்லது. தொடக்க நாட்களில் அந்த டின் ஒருமுறைகூடக் காலியாக இருக்கக் கூடாது. யார் நிரப்புவது என்று வீட்டுக்குள் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.