படம் எடுக்காத நடனத் தளம்: பெர்லின் இரவு விடுதிகளின் படத்தடையும் வருகையாளரும்

முன்னுரை

2019ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் செருமனியின் தலைநகராகிய பெர்லினில், சி/ஓ பெர்லின் எனப்படும் ஒளிப்படக் காட்சியகத்தில் ஒரு கண்காட்சி தொடங்கியது. 1989 முதல் அன்றுவரை அந்நகரத்து இரவு நடன விடுதிகள் கண்ட வாழ்வை ஒளிப்படங்கள், காணொளிகள் வாயிலாகக் காட்டுவது அதன் நோக்கம். அதற்கு இடப்பட்ட பெயரோ 'நடனத் தளத்தில் படம் எடுக்காதீர்' என்னும் பொருளுடையது. படம் எடுக்கக்கூடாத இடத்தைப் பற்றிய படங்களின் காட்சி என்னும் இம்முரணை வெறும் விளம்பர உத்தியாகக் கொள்வதற்கில்லை. படத்தடை குறித்து எழும் அடிப்படை வினாக்கள் பலவும் அப்பெயரிலேயே அடங்கியுள்ளன.

பெர்லினின் பெர்க்ஹைன் இரவு விடுதியில் நுழைவோரின் கைப்பேசிக் கேமராக்களின்மீது வாயிலிலேயே ஒட்டுவில்லை ஒட்டப்படுகின்றது. உள்ளே படம் எடுப்போர் வெளியேற்றப்படுவர். இவ்வழக்கம் இன்று பெர்லினோடு நின்றுவிடவில்லை. இலண்டனின் ஃபேப்ரிக் விடுதி 2021இல் மீண்டும் திறக்கப்பட்டபோது இத்தகைய விதியை மேற்கொண்டது. இத்தடை வருகையாளருக்கு எதனை அளிக்கின்றது, அவரிடமிருந்து எதனைப் பெற்றுக்கொள்கின்றது என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரவு விடுதி நம் துறைக்குப் புறம்பான பொருள் எனச் சிலர் கருதக்கூடும். ஒருவரை அடையாளம் காட்டாமல் அவருடைய அனுபவத்தைச் சொல்ல இயலுமா என்னும் வினா தமிழ்க் கவிதையியலுக்குப் புதியதன்று. ஆகவே இதனை நாம் ஆராய்வது பொருத்தமுடையதே.

தடையின் வேர்கள்

செருமனியில் ஒருவரின் உருவப்படத்தின்மீது அவருக்குள்ள உரிமை, ஓர் இறப்போடு தொடர்புடைய வரலாற்றைக் கொண்டது. 1898ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிஸ்மார்க் மறைந்த இரவில், ஹாம்பர்க் நகரப் படப்பிடிப்பாளர் இருவர் அவருடல் கிடந்த அறைக்குள் புகுந்து படம் எடுத்தனர். குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். உருவப்படத்தைக் காக்கும் சட்டம் அன்று இல்லாமையால், அத்துமீறி நுழைந்தமையைக் காரணமாகக் கொண்டே 1899இல் பேரரசின் உயர்நீதிமன்றம் குடும்பத்தார் பக்கம் தீர்ப்பளித்தது. இக்குறையை நிரப்பும் வகையில் 1907இல் இயற்றப்பட்ட சட்டம், ஒருவரின் உருவப்படத்தை அவர் இசைவின்றிப் பரப்பவோ பொதுவில் காட்டவோ கூடாது என வகுத்தது.

இச்சட்டம் பரப்புதலையும் காட்டுதலையுமே சுட்டுகின்றது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. எடுத்தலுக்கும் பரப்புதலுக்கும் இடையே அக்காலத்தில் கால இடைவெளி இருந்தது. கழுவுதல், அச்சிடுதல், வெளியிடுதல் எனப் பல படிகள் இருந்தன. கைப்பேசி அவ்விடைவெளியை நீக்கிவிட்டது. படம் எடுத்த நொடியிலேயே அது பரவிவிடக்கூடும். எனவே சட்டம் நின்ற இடத்திற்கு ஒரு படி முன்னதாகவே விடுதி தன் தடையை நிறுத்தியது எனலாம்.

இரண்டாவது வேர் இன்னும் ஆழமானது. ஆண்களுக்கிடையேயான பாலுறவைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவு, 1935இல் நாஜிகளால் கடுமையாக்கப்பட்டு, மேற்குச் செருமனியில் 1969 வரை அவ்வடிவிலேயே நீடித்தது. அது முற்றாக நீக்கப்பட்டது 1994இல்தான். பெர்க்ஹைனின் முன்னோடியாகிய ஓஸ்ட்குட் விடுதி, தன்பாலீர்ப்புடைய ஆண்களின் கூடுமிடமாக 1998இல் தோன்றி 2003இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, பழைய மின்நிலையம் ஒன்றில் பெர்க்ஹைன் பிறந்தது. சட்டம் நீங்கிய நான்கே ஆண்டுகளில் உருவான ஓரிடத்தில், தம் முகம் ஆவணமாவதை அஞ்சியவர் பலர் இருந்திருப்பர் என்பதில் வியப்பில்லை. பிறருக்கு நினைவுப்பொருளாகும் படம் அவருக்குச் சான்றாவணமாகும். வேலையையும் குடும்பத்தையும் இழக்கச் செய்யும் சான்றாகவும் ஆகலாம். இத்தடையை வெறும் நாகரிகப் பாங்காகக் காண்போர் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

வருகையாளர் பெறுவது

தடையினால் வருகையாளர் பெறும் முதற்பயன் அச்சமின்மை. ஆடுபவர் தம்மை எவரேனும் படம் பிடிக்கின்றனரோ என எண்ணத் தொடங்கிய கணமே, ஆட்டம் நடிப்பாக மாறிவிடுகின்றது. கேமரா அகன்றபோது காண்போர், காணப்படுவோர் என்னும் பிரிவும் அகல்கின்றது, அனைவரும் பங்கேற்போராகின்றனர். சுற்றுலாப் பயணி தமக்கும் தாம் எதிர்கொள்ளும் அனுபவத்திற்கும் இடையே கேமராவை வைத்துக்கொள்கின்றார் என்னும் கருத்தை, சூசன் சொன்டாக் 1977இல் வெளிவந்த ஒளிப்படக்கலை பற்றிய தம் நூலில் விளக்கியுள்ளார். விடுதியின் ஒட்டுவில்லை அவ்விடைப்பொருளை வாயிலிலேயே அகற்றிவிடுகின்றது.

ஆயினும் படமெடுத்தல் அனுபவத்தைக் கெடுக்கும் என்னும் பொதுக்கூற்றை நாம் ஆராயாது ஏற்பதற்கில்லை. அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்தவர், அவற்றை வெறுமனே கண்டவரைவிடக் குறைவாகவே நினைவுகூர்ந்தனர் என லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை அணுக்கமாகப் படம் எடுத்தவரிடம் அக்குறை காணப்படவில்லை. படமெடுத்தல் ஈடுபாட்டைப் பெருக்கி, மகிழ்வை மிகுவிக்கவும் கூடும் எனக் கிறிஸ்டின் டீல் முதலியோர் 2016இல் காட்டினர். இவற்றினும் நம் பொருளுக்கு நெருக்கமானது 2017இல் அலிக்சாண்ட்ரா பராஷ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு. தம் விருப்பப்படி படம் எடுத்தவர் கண்டவற்றை மிகுதியாகவும், கேட்டவற்றைக் குறைவாகவும் நினைவில் கொண்டனர் என்பது அதன் முடிவு.

இம்முடிவுகள் அருங்காட்சியகச் சூழலிலும் அதனையொத்த பிற சூழல்களிலும் பெறப்பட்டவை. நடன விடுதிக்கு அவற்றை அப்படியே பொருத்தவியலாது. எனினும் ஒன்று தெளிவு. கேமரா கண்ணுக்குத் துணை செய்யலாம். செவிக்குத் துணை செய்வதில்லை. டெக்னோ இசைக்கென அமைந்த ஓர் இடம் கண்ணைவிடச் செவியையும் உடலையுமே நாடி நிற்பது. அங்குப் படத்தடை அவ்விடத்தின் கலைநோக்கத்தோடு இசைந்து செல்கின்றது எனக் கொள்ளலாம்.

வருகையாளர் இழப்பது

பெறுவனவற்றை மட்டும் எண்ணி அமைவது திறனாய்வாகாது. இழப்புகளும் உள்ளன. அவற்றுள் முதலாவது சான்று. படம் காட்டிக்கொடுக்கும் கருவியாதல் போலவே, காக்கும் கருவியாகவும் ஆகக்கூடும். இருண்ட, நெரிசல் மிக்க ஓரிடத்தில் ஒருவருக்குத் தீங்கு நேருமாயின், அதனைக் காட்டுவதற்கான எளிய வழி அவர் கையில் இல்லை. படத்தடை விதிக்கும் எந்த விடுதியும், அத்தடையினால் வருகையாளர் இழந்த காவலைத் தன் பணியாளர் வாயிலாக ஈடுசெய்யும் கடப்பாடு உடையது. முறையீட்டைக் கேட்கும் வழி இல்லாத இடத்தில் படத்தடை மட்டும் இருக்குமாயின், அது வருகையாளரைக் காப்பதினும் விடுதியையே காப்பதாகிவிடும்.

இரண்டாவது இழப்பு நினைவுரிமை. 2016இல் பெர்லின்-பிராண்டன்பர்க் நிதி நீதிமன்றம், பெர்க்ஹைனின் நிகழ்வுகளுக்குக் கேளிக்கைக்குரிய 19 விழுக்காட்டு வரியன்றி, பண்பாட்டு நிகழ்வுகளுக்குரிய 7 விழுக்காட்டு வரியே பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சுத் திங்களில் பெர்லினின் டெக்னோ பண்பாடு, செருமனியின் தேசிய அருவ மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இங்ஙனம் மரபு என ஏற்கப்பட்ட ஒன்றின் காட்சிப் பதிவை யார் வைத்திருப்பது? பங்கேற்ற பல்லாயிரவரிடம் அது இல்லை. இசைவு பெற்ற கலைஞரிடமும் காட்சியகங்களிடமும் மட்டுமே உள்ளது. 2019ஆம் ஆண்டுக் கண்காட்சியின் பெயரிலுள்ள முரண் இங்குதான் கூர்மை பெறுகின்றது. தடை அனைவருக்கும் பொது. விலக்கு சிலருக்கே உரியது.

2020இல் பெருந்தொற்றினால் நடனம் நின்றபோது, பெர்க்ஹைனில் போரோஸ் அறக்கட்டளையுடன் இணைந்து நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞரின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆடுவோர் இல்லாத அக்காட்சியிலும் படமெடுத்தல் தடை தொடர்ந்தது. காக்கப்பட வேண்டிய முகங்கள் அங்கில்லை. காண்பதற்கு இருந்தவை கலைப்பொருள்களே. அவ்வாறாயின் அத்தடை காத்தது எதனை? இடத்தின் அரிதாந்தன்மையை என்பதே நாம் காணும் விடை. எந்திரவழிப் படியெடுப்பினால் கலைப்படைப்பு தன் ஒளிவட்டத்தை இழக்கின்றது என வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் வாதிட்டார். அவர் பிறந்த நகரிலேயே, படியெடுப்பைத் தடுத்து அவ்வொளிவட்டத்தை மீட்டெடுக்கும் ஓரிடம் தோன்றியுள்ளது. உள்ளே நிகழ்வதை எவரும் காட்டவியலாமையால் அவ்விடத்தின் புகழ் பெருகுகின்றது. வருகையாளரின் மௌனமே விடுதியின் விளம்பரமாகின்றது.

அகமரபு காட்டும் வழி

இவ்விரு நிலைகளையும் பிரித்தறியத் தமிழ் அகமரபு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றது. மக்கள் நுதலிய அகன் ஐந்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த விதி. இவ்விதியின் கூர்மையை விளக்க ஆசிரியர் எடுத்துக்காட்டுவது நெடுநல்வாடை. பிரிவுத் துயரைப் பாடுவதாயினும், அதில் வரும் வேம்பின் குறிப்பு பாண்டியனை அடையாளம் காட்டிவிடுவதால், அப்பாடல் புறத்தின்பாற்படும் என நச்சினார்க்கினியர் உரைத்தார். பெயர் வேண்டுவதில்லை, ஓர் அடையாளப் பூவே போதும். படம் ஒன்றில் முகம் மறைந்திருப்பினும், கையிலுள்ள பச்சை குத்திய கோலம் ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அறிந்தோர்க்கு இவ்வுரையின் நுட்பம் எளிதில் விளங்கும்.

பெர்லின் விடுதியையும் சங்கப் பாடலையும் நிகர் எனக் கூறுவது நம் கருத்தன்று. ஒன்று இலக்கிய மரபு. மற்றொன்று வணிக நிறுவனத்தின் விதி. ஆயின் அகமரபின் விதி அனுபவத்தைச் சொல்லலாகாது எனத் தடுக்கவில்லை. ஆளைச் சுட்டாது அனுபவத்தைச் சொல்க என்றே அது பணித்தது. அதனாற்றான் பெயரற்ற தலைவியின் குரல் ஈராயிரம் ஆண்டு கடந்தும் நம்மை வந்தடைந்துள்ளது. பெயரை மறைத்த விதி அனுபவத்தை மறைக்கவில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், 2019ஆம் ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற்ற படைப்பாளர் சிலர் இவ்வழியையே நாடியமை புலப்படும். மார்ட்டின் ஈபர்லே, ஆடுவோர் எவரும் இல்லாத வெற்று விடுதி அறைகளைப் படம் எடுத்தவர். பெர்க்ஹைனின் வாயிற்காவலராக அறியப்பெற்ற ஸ்வென் மார்க்வார்ட், கிழக்குப் பெர்லினில் வளர்ந்த ஒளிப்படக் கலைஞருமாவார். அவருடைய படங்கள் எதிரே நிற்பவரின் இசைவோடு, நிலையமைத்து எடுக்கப்படுபவை. வுல்ஃப்காங் டில்மன்ஸின் பெரும்படங்கள் பெர்க்ஹைனின் மேல்தளமாகிய பனோரமா மதுக்கூடத்திலேயே தொங்கியவை. அவற்றுள் 'ஃபிரைஷ்விம்மர்' வரிசையைச் சார்ந்தவை கேமராவே இன்றி, ஒளிபடுதாளின்மீது ஒளியைச் செலுத்தி உருவாக்கப்பட்டவை. கேமரா தடுக்கப்பட்ட இடத்தில் கேமராவின்றிப் பிறந்த ஒளிப்படம் தொங்குவது, தடையும் கலையும் பகையாக வேண்டுவதில்லை என்பதற்குத் தக்க சான்றாகும். வெற்றறை, இசைவு, அருவம் ஆகிய மூன்றும் ஆளைச் சுட்டாது அனுபவத்தைச் சுட்டும் வழிகளே.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் முடிவு இதுவாகும். படத்தடை, தம்மை அடையாளம் காட்டலாகாது என வேண்டும் வருகையாளரின் உரிமையாக நிற்கும்வரை போற்றத்தக்கது. 175ஆம் பிரிவின் நிழலில் வாழ்ந்தோர்க்கு அது உயிர்க்காவல் போன்றது. வேறு நாடுகளில் அந்நிழலில் இன்றும் வாழ்ந்து, அங்கு வருகை தருவோர்க்கும் அவ்வாறே. ஆனால் அவ்வுரிமை நிறுவனத்தின் உடைமையாக மாறி, வருகையாளரின் நினைவுக்கும் முறையீட்டிற்கும் வாயில் அடைக்குமாயின், அது தன் பிறப்புக் காரணத்தையே மறந்ததாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்த, ஒட்டுவில்லையை ஒட்டுவது எவர் நலத்திற்காக என்னும் வினா ஒன்றே போதுமானது.

மரபுப் பட்டியலில் இடம்பெற்ற ஒரு பண்பாடு, தன் பங்கேற்பாளரின் வாய்மொழி நினைவுகளைப் பெயர் சுட்டாமல் தொகுத்துப் பேணுதல் இன்றியமையாத பணியாகும். முகத்தைக் காக்கும் கடமையும் நினைவைக் காக்கும் கடமையும் அங்கு ஒருங்கே நிறைவேறும். தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பயன் உண்டு. சுட்டிப் பெயர் கூறாமை என்னும் விதியைத் தேர்வுக்குரிய மனனப் பகுதியாகவே கற்பித்து வருகின்றோம். மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கேமரா உள்ள இக்காலத்தில், பிறரின் அகத்தைப் புறமாக்கும் ஆற்றல் அவர்தம் விரல்நுனியில் உள்ளது. தொல்காப்பியர் வகுத்த விதி எதனைக் காத்தது என்பதை அவர்க்கு உணர்த்த, இதனினும் அணுக்கமான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.